நெல்லுக்குக் கணக்கு உண்டு, ஆளுக்கு?

கும்பகோணத்தில் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு தெருமுனை. விடிகாலை ஐந்து மணிக்கே இட்லிக் கொப்பரையில் ஆவி கிளம்பிவிடும். முதல் பஸ்ஸை எடுக்கும் ஓட்டுநர், வெற்றிலைக் கூடையோடு வந்து இறங்குபவர், நவக்கிரகக் கோயில்களைச் சுற்ற வந்த வெளியூர்க் குடும்பம் என்று ஆளாளுக்கு நின்றபடி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது, பில் கிடையாது, கணக்குப் புத்தகமும் கிடையாது. ஒன்பது மணிக்கு அந்த அம்மாள் கொப்பரையைக் கவிழ்த்துவிட்டால் அங்கே கடை இருந்த சுவடே தெரியாது.

‘மறைமுகப் பொருளாதாரம்’ என்றதும் இருட்டுச் சந்தில் பெட்டி கைமாறும் காட்சிதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. இந்த அம்மாளோ ஊரே பார்க்கத் தெருவில் உட்கார்ந்திருக்கிறார். எதையும் மறைக்கவில்லை. ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் விற்றுமுதல் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அவருடைய வியாபாரம் அதில் கால்வாசியைத் தொட்டாலே பெரிது. பதிவேட்டில் அவர் இல்லாததற்குக் காரணம், சட்டமே அவரை அங்கே கூப்பிடவில்லை. முறைசாராப் பொருளாதாரம் என்று சொல்லும்போது பெரும்பகுதி இத்தகைய மனிதர்களைத்தான் சொல்கிறோம். கறுப்புப் பணம் என்பது வேறு சங்கதி. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவதில்தான் பாதிக் குழப்பம் பிறக்கிறது.

சரி, கணக்கே எழுதாத கடையின் கணக்கை அரசாங்கம் எப்படி எடுக்கிறது? புள்ளிவிவரத் துறையின் கள ஆய்வாளர் ஒருவர் இதுபோன்ற கடையில் கேள்வித்தாளோடு உட்கார்ந்ததை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

“அம்மா, மாதம் எவ்வளவு வருமானம் வரும்?”

“வருமானமா? வருகிறது, போகிறது. கையில் நின்றால்தானே தம்பி சொல்வதற்கு?”

அனுபவசாலி போலிருக்கிறது, அவர் அதோடு விட்டுவிடவில்லை. கேள்வியை மாற்றினார். நேற்று எவ்வளவு அரிசி ஊறப்போட்டீர்கள்? ஐந்து கிலோ. உளுந்து? ஒன்றேகால். எத்தனை ஈடு வைத்தீர்கள்? ஒரு ஈட்டுக்கு எத்தனை இட்லி? எவ்வளவு மிஞ்சியது? வாரத்தில் எந்த நாள் கடை போடமாட்டீர்கள்? இதற்கெல்லாம் பதில் பட்பட்டென்று வந்தது. வருமானம் தெரியாதவருக்கு அரிசி கிராம் சுத்தமாகத் தெரிந்திருந்தது.

எண்களைச் சற்று முழுமைப்படுத்திச் சொல்கிறேன். இருநூறு இட்லி, ஒன்று எட்டு ரூபாய், ஆக 1,600. அரிசி, உளுந்துக்கு 400. தேங்காய், பொட்டுக்கடலை, சாம்பார்ச் சாமானுக்கு 250. கேஸுக்கு 150. இலை, பார்சல் தாளுக்கு 50. செலவு 850 போக மிச்சம் 750. இந்த 750 ரூபாய்க்குத்தான் பொருளாதாரத்தில் மதிப்புக் கூட்டல் என்று பெயர். அரிசியாக வந்தது இட்லியாகப் போவதற்குள் அந்த அம்மாள் கூட்டிய மதிப்பு அது. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி, அதாவது ஜிடிபி, இத்தகைய கூட்டல்களின் பெருந்தொகைதான். 1,600 முழுவதையும் சேர்த்தால் அரிசி ஆலையின் கணக்கில் ஏற்கெனவே வந்த அரிசி இன்னொரு முறை வந்துவிடும்.

அந்த 750-இல் கூலி எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று கேட்டால் பிரிக்க முடியாது. முதலாளியும் அவரே, தொழிலாளியும் அவரே. அதனால் இதற்குக் ‘கலப்பு வருமானம்’ என்று தனிப்பெயர் வைத்திருக்கிறார்கள். இரவில் மாவாட்டும் மருமகளுக்குச் சம்பளம் கிடையாது. அவருடைய உழைப்பும் இதற்குள்ளேதான் கரைந்திருக்கிறது.

சாயங்காலம் தண்டல்காரர் வருவார். பத்தாயிரம் கடன் என்று பேச்சு. கையில் தருவது ஒன்பதாயிரம். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்டவேண்டும். வட்டி ஆயிரம்தானே என்று தோன்றும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துப் பார்த்தால் ஆண்டு வட்டி ஏறத்தாழ 80 சதவீதம். இட்லிக் கணக்கில் இது செலவாகக் கழிக்கப்படுவதில்லை. கூட்டிய மதிப்பு 750-ஏதான்; அதில் ஒரு துண்டு தண்டல்காரர் பைக்குப் போகிறது, அவ்வளவே. அந்த அம்மாள் சொன்ன “கையில் நின்றால்தானே” என்ற பதிலுக்கும் புள்ளிவிவரம் எழுதிக்கொண்ட எண்ணுக்கும் உள்ள தூரம் இந்த நூறு ரூபாயில் இருக்கிறது. இருவருமே பொய் சொல்லவில்லை.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். அதே மாவில் ஒரு பத்து இட்லி வீட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துவைத்தால் அதற்கு ஜிடிபியில் இடம் இல்லை. உலக நாடுகள் பொதுவாகப் பின்பற்றும் தேசியக் கணக்கு முறையின் எல்லைக்கோடு அங்கே ஓடுகிறது. வீட்டுச் சாப்பாட்டுக்கென்று விவசாயி ஒதுக்கிவைக்கும் நெல் கணக்கில் உண்டு, ஏனென்றால் அது பொருள். அந்த நெல்லை அரிசியாக்கிப் பொங்கிப் போடும் வேலை கணக்கில் இல்லை, ஏனென்றால் அது வீட்டுக்குள் முடிந்துவிடும் சேவை. 2024-இல் இந்தியாவில் எடுத்த நேரப் பயன்பாட்டு ஆய்வில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்யும் பெண்கள் நாளுக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேர உழைப்பு கோட்டுக்கு வெளியே நிற்கிறது. கோடு போட்டவர்கள் வசதிக்காகப் போட்டார்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். அதற்கு இயற்கை நியாயம் எதுவும் இல்லை.

‘முறைசாரா’ என்ற சொல் புழக்கத்துக்கு வந்து அரை நூற்றாண்டுதான் ஆகிறது. கீத் ஹார்ட் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் ஆப்பிரிக்காவின் கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில், வடக்கிலிருந்து பிழைக்க வந்த ஏழைகளிடையே இருந்து பார்த்தார். புள்ளிவிவரம் அவர்களை வேலையில்லாதவர்கள் என்றது. அவர்களோ ஓயாமல் ஏதாவது செய்து சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். 1971-இல் ஒரு கருத்தரங்கில் இதை எடுத்துச் சொன்னார். கட்டுரை 1973-இல் அச்சேறியது. இடையில், 1972-இல், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கென்யா பற்றிய தன் அறிக்கையில் அந்தச் சொல்லை எடுத்தாண்டு உலகெங்கும் பரப்பிவிட்டது.

வரையறை பிறகு மாறியது. 1993-இல் நிறுவனத்தைப் பார்த்தார்கள்: பதிவில்லாத சிறு கடை, பட்டறை எல்லாம் முறைசாராத் துறை. 2003-இல் வேலையையும் பார்க்கத் தொடங்கினார்கள். இந்த மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்று தெரிய, நம் ஊர் ஜவுளிக்கடை எதிலாவது ஏறிப் பார்த்தால் போதும். நான்கு மாடி, குளிர்சாதனம், கணினி பில், எல்லாம் முறையானவை. உள்ளே நாள் முழுக்க நின்றபடி புடவை விரித்துக் காட்டும் பெண்ணுக்கு நியமனக் கடிதம், வருங்கால வைப்புநிதி, சம்பளத்தோடு விடுப்பு எதுவும் இல்லையென்றால், கடை முறையானது, வேலை முறைசாராதது. நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறையிலும் திருபுவனம் பட்டுத்தறியிலும் இரண்டுமே கலந்து கிடக்கும். விளக்கு பெரிய கடையில் ரசீதோடு விற்கும். வார்த்தவருக்குக் கூலி உருப்படிக் கணக்கில் கைக்குக் கை போகும்.

உலகில் வேலை செய்பவர்களில் 61 சதவீதத்துக்கு மேல், அதாவது 200 கோடிப் பேர், இப்படிப்பட்ட வேலையில் இருப்பதாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் மதிப்பிட்டது. இந்தியாவுக்கு அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான ஆணையம் 2004-05-ஆம் ஆண்டுத் தரவை வைத்துச் சொன்ன எண் 92 சதவீதம். விவசாயத்தையும் கட்டுமானத்தையும் விட்டுவிட்டு, கடை, பட்டறை, சிறு சேவைகளை மட்டும் எண்ணும் தேசிய ஆய்வு ஒன்று இப்போது ஆண்டுதோறும் நடக்கிறது. 2023-24-இல் அதன் கணக்குப்படி இத்தகைய தொழிலகங்கள் சுமார் 7.34 கோடி, அவற்றில் வேலை செய்பவர்கள் 12 கோடிக்கு மேல். நம் இட்லிக் கடையும் அந்த 7.34 கோடியில் ஒன்று. எல்லாக் கடைக்கும் ஆள் போவதில்லை. மாதிரியாகச் சிலவற்றைத் தேர்ந்தெடுத்துக் கேட்டு, அதைப் பெருக்கி எடுக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் வீட்டில் செய்வதுதான். சோற்றைக் கிளறிவிட்டு எடுக்கவேண்டும், அது முக்கியம்.

இதுவரை சொன்னது கேட்டால் பதில் சொல்லும் மனிதர்களைப் பற்றி. கேட்டால் வேண்டுமென்றே தப்பான பதில் சொல்பவர்களை என்ன செய்வது?

“பில் போட்டால் இந்த விலை, போடாவிட்டால் அந்த விலை” என்று கேட்கும் கடைக்காரர் மறைக்கிறார். நடந்த விற்பனை உண்மை, பொருள் உண்மை, வரி மட்டும் காணோம். அனுமதியில்லாமல் கொள்ளிடத்தில் இரவோடு இரவாக மணல் அள்ளுபவர் செய்வது சட்டவிரோத உற்பத்தி. கேட்க ஒருமாதிரி இருந்தாலும், தேசியக் கணக்கின் இலக்கணப்படி அதுவும் உற்பத்திதான். விற்பவரும் வாங்குபவரும் மனமொத்துச் செய்த பரிமாற்றமென்றால் சட்டம் அனுமதிக்கிறதா என்பதை அந்த இலக்கணம் கேட்பதில்லை. பிரிட்டன் 2014-இல் போதைப்பொருளையும் பாலியல் தொழிலையும் தன் ஜிடிபிக்குள் கொண்டுவந்தது இந்த விதியின்படிதான். மணல் எப்படியும் நம் கணக்கில் மறைமுகமாக ஏறிவிடுகிறது. கட்டடத் துறையை அளக்கும்போது சிமென்ட், இரும்பு, செங்கல் எவ்வளவு போனது என்று பார்த்துத்தான் வீடுகளின் மதிப்பைப் பிடிக்கிறார்கள். வீடு எழும்பிவிட்டால் அதற்குள் மணலும் இருக்கும், அள்ளியவர் யாராக இருந்தாலும்.

லஞ்சம்? அது கணக்கில் வராது, வரவும் கூடாது. ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்குப் பணம் போனது. புதிதாக எதுவும் விளையவில்லை. நிலம் வாங்கும்போது வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் எழுதிவிட்டு மீதியை ரொக்கமாகக் கொடுக்கிறார்களே, அதுவும் அப்படித்தான். கறுப்புப் பணம் பெருகும், ஜிடிபி பெருகாது.

இந்த வித்தியாசத்துக்குப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மொய் விருந்தைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. ஆடி, ஆவணியில் ஊரெங்கும் பந்தல். கிடா வெட்டி இலை போட்டால், விருந்து வைத்தவர் பெயரில் ஒரே நாளில் லட்சக்கணக்கில் மொய் விழும். மேசைக்கு மேசை நோட்டுப் போட்டு எழுதுவார்கள். முன்பு வாங்கியதைத் திருப்பிச் செய்பவர் கூடுதலாகக் கொஞ்சம் சேர்த்துச் செய்வார். பார்ப்பவருக்கு இது பிரம்மாண்டமான கணக்கில் வராத பொருளாதாரம். உண்மையில் அந்தப் பணம் முழுவதும் கைமாற்றுத்தான், வட்டிக்குப் பதில் மரியாதை வைத்து நடக்கும் கடன். ஜிடிபியில் சேரவேண்டியது கிடா வளர்த்தவரின் உழைப்பு, சமையல்காரர் கூலி, பந்தல்காரர் வாடகை, பத்திரிகை அடித்த அச்சகத்தின் பங்கு. பத்து லட்சம் மொய் விழுந்த விருந்தில் உற்பத்தி என்று எண்ணத்தக்கது அதில் சிறு பகுதிதான். நோட்டில் எழுதாத தொகை ஒரு ரூபாய்கூட இருக்காது என்பது வேறு விஷயம். அரசாங்கத்துக்குத் தெரியாமல் இருக்கலாம்; பேராவூரணியில் யாருக்கும் தெரியாமல் இல்லை.

நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாததை அடையாளங்களை வைத்துப் பிடிக்கப் பார்க்கும் பொருளாதார அறிஞர்கள் உண்டு. பழைய வழி, ரொக்கத்தைப் பார்ப்பது. மறைக்கிறவர் காசோலை தரமாட்டார். எனவே தேவைக்கு மீறி ரொக்கம் புழங்கினால் அந்த மிகுதி நிழல் வியாபாரம் என்பது வாதம். 1958-இல் பிலிப் கேகன் தொடங்கிவைத்ததை 1980-களில் வீட்டோ தான்சி அமெரிக்காவுக்குப் பொருத்தி விரித்தார். இந்த அளவுகோலைத் தை மாதம் மன்னார்குடிக்குக் கொண்டுவந்தால் கணக்கு கெட்டது. அறுவடை முடிந்து நெல் விற்ற காசு, அறுப்பு இயந்திர வாடகை, சுமைக்கூலி, பொங்கல் துணி என்று ரொக்கம் பெருக்கெடுக்கும் காலம் அது. ரொக்கம் வைத்திருப்பவர் எல்லாம் எதையோ ஒளிக்கிறார் என்ற அனுமானம் இங்கே செல்லாது.

இன்னொரு வழி மின்சாரம். 1990-களில் காஃப்மனும் காலிபெர்தாவும் முன்னாள் சோஷலிச நாடுகளில் செய்து பார்த்தார்கள். ஜிடிபி படுத்துவிட்டது என்று அரசு சொல்கிறது, மின்நுகர்வு அந்த அளவுக்குப் படுக்கவில்லை என்றால், இடைவெளியில் எங்கோ வேலை நடக்கிறது. யோசனை அழகுதான். ஆனால் நம் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம், பலவற்றுக்கு மீட்டரே இல்லை. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டில் மோட்டார் இரவும் பகலும் ஓடும். மின்சாரம் ஏறும், விளைச்சல் இறங்கும்.

மூன்றாவது, எல்லாக் காரணங்களையும் எல்லா அறிகுறிகளையும் ஒரு சமன்பாட்டில் போட்டு நடுவில் இருக்கும் காணாத பொருளை ஊகிக்கும் முறை. வரிச்சுமை, வேலையின்மை, கட்டுப்பாடுகள் ஒரு பக்கம். ரொக்கம், வேலைக்கு வருவோர் விகிதம் மறுபக்கம். ஃப்ரெட்ரிக் ஷ்னைடர் இதில் பெயர் பெற்றவர். அவரும் லியாண்ட்ரோ மெதினாவும் 2018-இல் 158 நாடுகளுக்குப் போட்ட கணக்கில் நிழல் பொருளாதாரம் சராசரியாக ஜிடிபியில் 31.9 சதவீதம் என்று வந்தது. பத்திரிகைகளுக்கு இந்த எண் மிகவும் பிடிக்கும். எனக்குத் தசமப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் அந்த 9-ஐப் பார்த்தால்தான் சந்தேகம் வருகிறது. காணாததை இவ்வளவு துல்லியமாக யாரும் காண முடியாது. நம் நாட்டில் கறுப்புப் பணத்தை அளக்கச் சொல்லி அரசு மூன்று நிறுவனங்களிடம் கேட்டது. 2019-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கையில் வெளிவந்த மூன்று மதிப்பீடுகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை.

புள்ளிவிவர அலுவலகங்கள் நம்புவது இதைவிடச் சாதாரணமான ஒரு வழியை. மனிதர்கள் வருமானத்தை மறைப்பார்கள், வேலை செய்வதை அவ்வளவாக மறைக்கமாட்டார்கள். வீட்டுக்குப் போய், “போன வாரம் என்ன வேலைக்குப் போனீர்கள்?” என்று கேட்டால் நடவுக்கு, கொத்து வேலைக்கு, கடைக்கு என்று சொல்லிவிடுவார்கள். நிறுவனங்கள் காட்டும் ஆள் கணக்கு ஒன்று, வீடுகள் காட்டும் ஆள் கணக்கு ஒன்று. இரண்டுக்கும் இடையில் விழும் ஆட்கள்தான் பதிவில் இல்லாதவர்கள். அந்த எண்ணிக்கையை, ஓர் ஆள் சராசரியாகக் கூட்டும் மதிப்பால் பெருக்கினால் தொகை கிடைக்கும். இத்தாலி இந்த வேலையை முறையாகச் செய்து 1987-இல் தன் ஜிடிபியைச் சுமார் 18 சதவீதம் உயர்த்திக்கொண்டது. பிரிட்டனை முந்திவிட்டோம் என்று கொண்டாடவும் செய்தது. ஒரே இரவில் அங்கே எந்த ஆலையும் புதிதாக முளைக்கவில்லை.

இந்தியாவும் ஏறக்குறைய இவ்வழியில்தான் போகிறது. சிக்கல், ஆய்வுகளுக்கு இடையே விழுந்த இடைவெளி. சிறு தொழில்களின் பெரிய ஆய்வு 2010-11-இல் நடந்தது, பிறகு 2015-16-இல், ஆண்டுதோறும் என்றானது 2021-22-க்குப் பிறகு. நடுவில் உள்ள ஆண்டுகளுக்குப் பழைய எண்ணை எடுத்து, பதிவுபெற்ற துறையின் வளர்ச்சி போன்ற குறிகாட்டிகளால் நகர்த்தினார்கள். பதிவுபெற்ற துறையும் பதிவில்லாத துறையும் சேர்ந்து நடக்கும் காலத்தில் இது பரவாயில்லை. 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவித்தபோது புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் முடங்கியது. டெல்டாவில் அது சம்பா வேலைகளுக்கான மாதம். கூலி கொடுக்கத் தாள் இல்லை. சின்ன மளிகையில் வாங்கியவர் அட்டை தேய்க்கும் பெரிய கடைக்குப் போனார். பெரிய கடை வளர்ந்தது, அதன் வளர்ச்சியை வைத்துச் சின்ன மளிகையும் வளர்ந்ததாக மதிப்பீடு சொன்னால் அது யதார்த்தத்துக்கு நேர் எதிர். அந்த ஆண்டுகளின் ஜிடிபி பற்றிப் பொருளாதார அறிஞர்கள் இன்றும் சண்டை போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். செல்லாததாக்கிய 15.41 லட்சம் கோடியில் 15.31 லட்சம் கோடி வங்கிக்குத் திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கி 2018-இல் சொன்னது. ரொக்கமாக ஒளிந்திருப்பது வெளியே வராமல் மடியும் என்ற எதிர்பார்ப்பின் கதி அது.

விவசாயத்துக்கு வருகிறேன், டெல்டாக்காரன் அதைச் சொல்லாமல் முடிக்க முடியாது. நெல் விளைச்சலை அளக்கும் முறை நாட்டில் மிகப் பழக்கமான அளவு முறைகளில் ஒன்று. குலுக்கலில் தேர்ந்த வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுவார்கள். அதை வைத்து ஏக்கருக்கு எவ்வளவு என்று கண்டு, பரப்பால் பெருக்கி, இடுபொருள் செலவைக் கழித்தால் விவசாயத்தின் மதிப்புக் கூட்டல். நிலம் யாருடையது, உழுதவர் யார் என்று கயிறு கேட்பதில்லை. அதனால் நெல் கணக்கில் தப்பவே தப்பாது.

உழுதவர் தப்பிவிடுவார். இங்கே குத்தகையில் பெரும்பகுதி வாய்ப்பேச்சு. குத்தகை உரிமையைப் பதிவு செய்யவென்று 1969-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. பதிந்துவிட்டால் நிலம் கைவிட்டுப் போகுமோ என்று உடையவருக்குப் பயம். கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காதோ என்று குத்தகைதாரருக்குப் பயம். கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் சாகுபடி செய்பவர் என்று நிலத்துக்காரர் பெயரே நிற்கும், அவர் சென்னையில் பேரனைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருந்தாலும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் மூன்று ஏக்கர் அப்படிச் செய்கிறார். ஒரு வருடம் கதிர் பழுக்கும் நேரத்தில் மழை பிடித்து வயல் முழுக்கச் சாய்ந்தது. கணக்கெடுக்க வந்தவர்கள் வரப்பில் நின்று சேதத்தை எழுதிக்கொண்டார்கள். இவர்தான் கூடவே நடந்து காட்டினார். சில மாதம் கழித்து நிவாரணம் அடங்கலில் இருந்த பெயருக்கு, சென்னை வங்கிக் கணக்குக்குப் போனது. நிலத்துக்காரர் நல்ல மனிதர். சித்திரையில் கோயில் திருவிழாவுக்கு வந்தபோது அதில் பாதியை எடுத்துவந்து, வாசலில் நின்றபடி இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வருடக் குத்தகையில் பத்து மூட்டையும் தள்ளிக்கொடுத்தார். இரண்டுக்கும் எங்கேயும் ரசீது இல்லை.